நான் அடித்த சூடம்

பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மெர்லிமா என்ற சிறு டவுனில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை நான். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வரும் வாண்டுகளை உட்காரவைத்து, "பயப்படாம சொல்லு, யாரு என்னா செஞ்சா?" என்று நாளெல்லாம் கேட்கிறவள். எனக்குக் குரல் பெரியது. கோபம் அதைவிடப் பெரியது. பக்கத்துக் கடைக்காரர் என் சத்தத்தைக் கேட்டுத்தான் மணி பார்ப்பதாகக் கிண்டல் செய்வார். போன வருடத்திலிருந்து அந்தக் கேள்வியை என்னால் கேட்க முடியவில்லை. எழுதி வைத்தால் பாரம் கொஞ்சமாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. யாரும் சத்தியம் பண்ணக்கூடாது. இது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் "சாமி சத்தியமா டீச்சர்", "மதர் பிராமிஸ் டீச்சர்" என்பார்கள். அடுத்தவன் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, வாயோரத்தில் துகளோடு நின்று அம்மா மேல் சத்தியம் பண்ணுவான் ஒருத்தன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் ஒருநாள் கத்தினேன். "இந்த கிளாஸ்ல இனிமே சத்தியமும் கிடையாது, பிராமிசும் கிடையாது. ஒரு தடவ சொல்லு. நான் நம்பிக்கிறேன். அவ்ளோதான்!" ஆச்சரியமாக அது வேலை செய்தது. டீச்சர் நம்பிவிடுவார் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூச்சம் வந்துவிட்டது. எல்லாருக்கும் இல்லை, பாதிப் பேருக்காவது வந்தது.

அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். எங்களுக்கு ஒரே மகள். போன வருடம் ஆறாம் ஆண்டு படித்தாள். அவள் அதை மற்ற பிள்ளைகள் மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை, உயிராகப் பிடித்துக்கொண்டாள். தோழிகள் "சத்தியமா சொல்லுடி" என்றால், "அதான் சொல்லிட்டேன்ல, அப்புறம் என்னா?" என்பாள். ஒருநாள் சாப்பிடும்போது, "சத்தியம் பண்ணுனா, முன்னாடி நான் சொன்னதெல்லாம் பொய்யா இருக்கலாம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிம்மா" என்றாள். என் வீட்டுக்காரர் புரையேறச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டு, என் மகள் என்ன சொன்னாள் தெரியுமா என்று அளந்தேன்.

நாங்கள் இருப்பது டவுனை ஒட்டிய தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில். எங்கள் ஜனங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறி வருடங்களாகிவிட்டன. தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்த இடத்திலும் செம்பனை நட்டுவிட்டார்கள். அங்கே குலை வெட்டுகிறவர்கள் இப்போது இந்தோனேசியர்கள். முனீஸ்வரன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே அதே இடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையானால் கார் உள்ளவர்கள் காடியிலும் மற்றவர்கள் மோட்டார் சைக்கிளிலுமாக எல்லாரும் அங்கே போவோம். பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு, பிறகு பூஜை, பிறகு சாப்பாடு.

கோயிலுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் கம்பெனி நடத்துகிறவர். அந்தப் பஸ்களில் ஒன்றை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். தலைவர் கெட்டவர் இல்லை. கோயிலுக்குக் கூரை போட்டவர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். என் மாமனார் போனபோது பாடையில் ஒரு பக்கம் தூக்கியவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் முதல் நாளே அவர் வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பேன். அதுதான் கஷ்டமே.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி வேன் மகளைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து கோயிலுக்கு நடந்துதான் போவாள். செம்மண் சாலை, இரண்டு பக்கமும் மரம். அவளுக்கு எதிரே ஒரு இந்தோனேசியத் தொழிலாளி சைக்கிளில் வந்திருக்கிறார். சைக்கிளுக்குப் பின்னாலிருந்து ஒரு காடி வேகமாக வந்து, அவள் கண் முன்னாலேயே அந்தச் சைக்கிளைத் தூக்கியடித்தது. காடி நின்றது. கண்ணாடியை இறக்கி ஓட்டியவன் எட்டிப் பார்த்தான். தலைவரின் மகன். மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, அடுத்த மாதம் கிளம்பக் காத்திருந்தவன். என் மகளையும் பார்த்தான். பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான்.

அவள் ஓடவில்லை. கால் நசுங்கிக் கிடந்த அந்த ஆளுக்குத் தன் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்து, அவருடைய கூட்டாளிகள் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கோயிலுக்குப் போனபோது பள்ளிச் சீருடையில் ரத்தத்தோடு நின்றாள். ஓடிப்போய் எங்கே அடி என்று தடவிப் பார்த்தேன்.

"என்னோடது இல்லம்மா" என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள், ஒரே தடவை, ஒழுங்காக. யார் என்று பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்று சொல்லி, யார் என்றும் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். "பயப்படாத. அப்பா வரட்டும். போய் எல்லாத்தையும் சொல்லிடுவோம்" என்றேன். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் செத்துப்போனது. காலணி கழற்றும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போலீஸ் பலாய்ல ரிப்போட் குடுக்கணும்" என்றேன்.

"கொஞ்சம் பொறு லா. நான் தலைவர்கிட்ட பேசிப் பாக்கிறேன். அவரே நல்லது செய்வாரு. போலீஸ்னு போனா பையனோட படிப்பு போயிடும்."

"அந்த ஆளோட காலு?"

"அதுக்கும் சேத்துத்தான் பேசுறேன்ங்கிறேன்."

அவர் பேசவில்லை. தினமும் காலையில் சாவி வாங்கப் போவார், தலைவரைப் பார்ப்பார், மென்று முழுங்கிவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போவார். நான் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மகள் ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்ததும், "அப்பா பேசிட்டாங்களா?" என்று கேட்பாள். "பேசுவாங்க" என்பேன்.

இதற்கிடையில் அந்த ஆளைப் பற்றிக் காதில் விழுந்தது. கூட்டாளிகள் ஏதோ ஒரு கிளினிக்கில் காலுக்குக் கட்டுப்போட்டு கொங்சியில் படுக்கவைத்திருந்தார்கள். தகர வீடுகளை வரிசையாக அடித்து அவர்களைத் தங்க வைத்திருக்கும் இடம் அது. வேலை பெர்மிட் முடிந்துபோனவர் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பயம், பலாய்க்கும் பயம். தானே விழுந்தவனுக்கு நான் ஏன் வைத்தியம் பார்க்கவேண்டும் என்று அவரை வேலைக்கு எடுத்த குத்தகைக்காரன் கையை விரித்துவிட்டானாம், ஊருக்கே அனுப்பிவிடப் போகிறானாம். யாராவது ஒருவர் வந்து, "இவர் விழவில்லை, இடித்துவிட்டார்கள்" என்று சொன்னால்தான் அந்தக் காலுக்கு ஒரு வழி பிறக்கும். சொல்வதற்கு இருந்தது என் மகள் ஒருத்திதான். அது அவளுக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றோம். தலைவரின் மகன்தான் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தான். என் மகள் தட்டை நீட்டவில்லை. அவனை நிமிர்ந்து பார்த்து, சண்டை போடுகிற குரலில் அல்லாமல் சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணே, அந்த ஆளுக்கு இன்னும் காலு சரியாகல. நீங்க ஏன் அன்னிக்கு நிக்காம போனீங்க?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த கரண்டி வாளிக்குள் விழுந்தது. பின்கட்டில் இருந்த தலைவர் வந்து, "என்னா பேசுது இந்தப் புள்ள?" என்று என்னைக் கேட்டார். நான், இந்த மெர்லிமாவையே கத்தி எழுப்புகிறவள், என்ன சொன்னேன் தெரியுமா? "சின்னப்புள்ள தலைவரே, வீட்ல போய் பேசிக்கலாம்" என்றேன். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்ன சொல்ல.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்களைக் கணக்கு வைக்க முடியாது. கோயில் செயலவையிலிருந்து வந்தார்கள், பொம்பளைகள் வந்தார்கள், என் சொந்த அக்காவே வந்தாள். எல்லாரும் அரைத்த மாவையே அரைத்தார்கள். நம்ம பையன், நம்ம சனம். அந்த ஆள் இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போவான். நம்மில் ஒரு பையன் மேலே வருவதே பெரிய பாடு, அவனையும் நாமே பிடித்து இழுப்பதா? தலைவர் மட்டும் வரவில்லை. என் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் சாவியை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம் என்று இவர் வந்து அழுதார்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். "பாத்தேன்னு சொல்ல வேணாம்டி. பாத்த மாதிரி இருந்துச்சுன்னு சொல்லச் சொல்லு. எல்லாருக்கும் நிம்மதி."

மகளிடம் அதைச் சொன்னவள் நான்தான். அவள் கட்டிலில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்துச் சொன்னேன்.

"மாதிரி இல்லம்மா, பாத்தேன்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ நம்பலயா?" என்று கேட்டாள்.

"நம்புறேன்டி என் தங்கம். நான் நம்பி என்னாடி பிரயோஜனம்?"

அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைசியில் கோயிலிலிருந்தே சொல்லி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை முனீஸ்வரன் முன்னால் சூடம் அடித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று. எங்களில் இது அன்றும் இன்றும் உள்ள வழக்கம். வெற்றிலைமேல் சூடத்தை ஏற்றிச் சாமிக்கு முன்னால் வைப்பார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைக்கவேண்டும். பொய்யாக அடித்தால் குடும்பம் விளங்காது என்று பயம். அந்தப் பயம் இருப்பதனால்தான் சூடத்துக்கு மரியாதை. படித்தவர்கள், லாயர்கள்கூட எங்கள் கோயிலில் வந்து அடித்திருக்கிறார்கள்.

எனக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது. உண்மையாகவே சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். என் மகள் சொல்வது உண்மை. அடித்துவிட்டுப் போகட்டும். ஒரு நொடி வேலை. அந்தப் பக்கம் பொய்யாக அடிக்க யாருக்கும் துணிச்சல் வராது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது, தலைவரே அந்த ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார் என்றெல்லாம் கற்பனை ஓடியது. அவள் மாட்டேன் என்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்றவளுக்கே தோன்றவில்லை!

போகும் வழியில் காடியில் சொன்னாள். "நான் அடிக்க மாட்டேன்ம்மா."

"ஏன்? சூடு பயமா? சுடாதுடி, சட்டுன்னு எடுத்திடலாம்."

"சூடு இல்ல. நான்தான் சொல்லிட்டேன்ல."

என் வீட்டுக்காரர் காடியை ஓரம்கட்டிவிட்டார். ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஏம்மா, அப்பாவுக்காக அடிச்சிடு" என்றார். அவர் தன் மகளிடம் அதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை. அவள் அழுதாள். அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். நான் திட்டினேன். கெஞ்சினேன். "அந்த ஆளுக்காகவாவது அடிடி, பாவம்டி அவரு" என்றேன். "அடிச்சாத்தான் நம்புவாங்கன்னா, அவங்க என்னை நம்பலம்மா, சூடத்தைத்தான் நம்புறாங்க. நீதானே சொல்லிக் குடுத்த, ஒரு தடவ சொன்னா போதும்னு" என்றாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. நான் நாலு வயதுப் பிள்ளைகளை அடக்குவதற்காகச் சொன்ன ஒரு வார்த்தையை இவள் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள், கடவுளே!

கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பூசாரி, முனீஸ்வரனின் அரிவாளுக்கு முன்னால் தட்டை வைத்து, வெற்றிலையில் சூடத்தை ஏற்றினார். தலைவர் மகன் தூணோரம் நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவனை முன்னால் வரச் சொன்னார்கள். அவன் நகரவில்லை. தலைவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு தானே முன்னால் போய் மண்டியிட்டார்.

"என் மகன் எந்தத் தப்பும் செய்யல. சாமி மேல சத்தியம்" என்று சொல்லி ஓங்கி அடித்தார். தீ அணைந்தது. அவர் மகன் தலையைக் குனிந்துகொண்டான். "தலைவரே அடிச்சிட்டாரு, அப்புறம் என்னா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

பூசாரி புதுச் சூடம் ஏற்றினார். "வாம்மா" என்றார் என் மகளிடம்.

அவள் முன்னால் போனாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மண்டியிடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பூசாரியிடம் சொன்னாள்.

"தாத்தா, நான் பாத்தேன். அன்னிக்கே சொல்லிட்டேன். இதுக்கு மேல அடிச்சிச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"பயமா இருக்காம்மா?"

"இல்ல தாத்தா."

அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது. "பொய் சொல்லிருக்கு, அதான் சாமிக்குப் பயப்படுது." "யாரு சொல்லிக் குடுத்தாங்களோ." "டீச்சர் புள்ளயாம், டீச்சர் புள்ள!" தேவார வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். அவள் அப்படியே நின்றாள். காது சிவந்துபோயிருந்தது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சூடம் பாதி எரிந்துவிட்டது.

என் பிள்ளையைப் பொய்க்காரி என்கிறார்கள், நான் மரம் மாதிரி நிற்கிறேன். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் விழுந்தேன். "என் மகள் சொன்னது அத்தனையும் உண்மை! அவன்தான் இடிச்சான்! சாமி மேல சத்தியம்!" என்று தொண்டை கிழியக் கத்திச் சூடத்தை அடித்தேன். கை சுட்டது. எனக்கு உறைக்கவில்லை.

அப்பாடா, என் மகள் பக்கம் நின்றுவிட்டேன் என்று மூச்சு வாங்கினேன். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கும்மா அடிச்ச? நீ பாக்கலயே" என்றாள்.

பூசாரி தட்டைக் கையில் எடுத்தார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு பக்கமும் சூடம் அடிச்சாச்சு. இனிமே முனீஸ்வரன் பாத்துப்பாரு. வழக்கம் எல்லாருக்கும் தெரியும். சாமிகிட்ட விட்டதை மனுசங்க யாரும் மறுபடி எடுக்கக்கூடாது. யாரும் இதப் பத்திப் பேசக்கூடாது. சாப்பிடப் போங்க."

அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் வழக்கு சாமிக்குப் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் அடித்திருந்தால் அது நிலுவையில் நின்றிருக்கும். அவள் அடிக்காமல் நின்றதனால்தான் அது முடியாமல் இருந்தது. நான் போய் என் கையாலேயே முடித்துவிட்டேன். ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பாட்டுக்குப் போனார்கள். ஒருத்தர் என் தோளைத் தட்டி, "விடுங்க டீச்சர், சாமி பாத்துக்கும்" என்றார். நிம்மதியாகச் சொன்னார். எல்லாருக்கும் அப்படி ஒரு நிம்மதி. தலைவர் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும் வழியில் மகள் பின்சீட்டிலிருந்து கேட்டாள். "இனிமே நான் பேசவே கூடாதாம்மா?"

நான் சுட்டுப்போன உள்ளங்கையை மடக்கி வைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று வெறி பிடித்துவிட்டது. இவரிடம்கூடச் சொல்லாமல் மகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கொங்சிக்குப் போனேன். அந்த ஆளைப் பார்த்து, பலாய்க்குக் கூட்டிக்கொண்டு போய், என் மகளைச் சொல்லவைத்துவிடுவது என்று முடிவு. வேலை போனால் போகட்டும். பஸ் இல்லாவிட்டால் லோரி ஓட்டட்டும்.

கொங்சி வாசலில் அவருடைய கூட்டாளி துணி துவைத்துக்கொண்டிருந்தார். என் மகளை அடையாளம் கண்டுகொண்டார். அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தவள் அல்லவா. சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "டியா டா பாலிக், டிக்" என்றார். ஊருக்குப் போய்விட்டாராம். முந்தாநாள்தான் குத்தகைக்காரன் காடியில் ஏற்றிக்கொண்டு போனானாம். காலை மடக்கவே முடியாமல், இரண்டு பேர் தூக்கித்தான் உட்காரவைத்தார்களாம். உள்ளே அவர் படுத்திருந்த பலகையில் பாய்கூட இல்லை.

என் மகள் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் மலாயில் அவரிடம் சொன்னாள். எந்தக் காடி, யார் ஓட்டியது, எப்படி எட்டிப் பார்த்தான், எப்படிப் போனான். ஒரே தடவை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சத்தியமா என்று கேட்கவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "கெனாப்பா பாரு செக்காராங், டிக்?" ஏன் தங்கச்சி, இப்போதுதானா வருவது என்று.

அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நான். என் மகள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "மாஆஃப், பாங்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு மோட்டார் பக்கம் நடந்தாள்.

நான் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. நேராகப் பலாய்க்கு விட்டேன். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினேன், ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது. அந்த ஆள் இல்லாவிட்டாலும் இவள் சொல்லட்டும், எழுதிக்கொள்ளட்டும், என்ன ஆனாலும் ஆகட்டும். பின்னால் அவள் கைகள் என் இடுப்பைப் பிடிக்கவில்லை, சீட்டுக் கம்பியைத்தான் பிடித்திருந்தன.

கவுண்டரில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். நல்ல மனிதர், எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். விபத்து, ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போனது என்றெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சியாப்பா யாங் நம்பாக்?" என்றார். பார்த்தது யார் என்று.

நான் நகர்ந்து மகளுக்கு இடம் விட்டேன். "சொல்லு கண்ணு" என்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. போலீஸ்காரர் குனிந்து, பயப்பட வேண்டாம், மெதுவாகச் சொல் என்றார். அவள் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோளைத் தொட்டேன். "பயப்படாம சொல்லுடி. அம்மா பக்கத்துலயே இருக்கேன்ல."

"எனக்குப் பயமில்ல" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "நீயே சொல்லும்மா. நீதான் சத்தியம் பண்ணுன. உன்னைத்தான் எல்லாரும் நம்புனாங்க."

போலீஸ்காரர் கணினியில் விரல்களை வைத்துக்கொண்டு, இப்போது என்னைப் பூவான் என்று மரியாதையாக அழைத்துக் கேட்டார். நீங்கள் பார்த்தீர்களா?

நான் எதையும் பார்க்கவில்லை.